விளையாட்டின் முகம்: கேம் அட்டைப்படம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் இரண்டு பேர், மூன்று பேர் சேர்ந்து சொந்தமாக வீடியோ கேம் செய்யும் குழுக்களுக்கு நான் அட்டைப்படம் வரைந்து தருகிறேன். வளசரவாக்கத்தில் என் வீட்டு மாடி அறைதான் பட்டறை. வருகிறவர்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். பெரும்பாலும், இணையத்தில் கேம் விற்கும் ஸ்டீம் கடையை வைத்துத்தான் பேசுகிறேன். கணினிக்கு கேம் செய்கிறவர்கள் முதலில் போய் நிற்கும் கடை அதுதான்.

கேம் நன்றாக இருந்தால் போதாதா? அட்டைப்படத்துக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?

கேம் நன்றாக இருப்பது விளையாடிய பிறகுதான் தெரியும். அதற்கு முன்னால் ஒருவர் உங்கள் கடைப்பக்கத்துக்கு வர வேண்டும். வருவதற்கு முன்னால் அவர் பார்ப்பது வரிசையாக அடுக்கிய சின்னச் சின்னக் கட்டங்களை மட்டும். அதில் ஒன்று உங்களுடையது. அதைப் பார்த்து அவர் விரல் நின்றால் உண்டு, நகர்ந்தால் இல்லை.

2017 ஜூனிலிருந்து, ஒரு கேமுக்கு 100 டாலர் கட்டணம் கட்டும் யாரும் ஸ்டீமில் கடை போடலாம் என்று ஆகிவிட்டது. நம்மைப் போன்றவர்களுக்கு அது நல்லதுதான். ஆனால் அதே கதவு வழியாக எல்லோரும் உள்ளே வந்திருக்கிறார்கள், அலமாரி நிரம்பி வழிகிறது. வேலைக்குப் போய்க்கொண்டே இரண்டு மூன்று வருடம் ராத்திரியில் உட்கார்ந்து ஒரு கேமை முடிக்கிறார்கள். பிறகு அட்டைப்படத்தைக் கடைசி சனி ஞாயிறில் ஒரு ஸ்கிரீன்ஷாட்டை வெட்டி, மேலே பெயரை ஒட்டி அனுப்பிவிடுகிறார்கள். அதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வயிறு எரிகிறது.

கேப்ஸ்யூல், கேப்ஸ்யூல் என்கிறார்களே, மொத்தம் எத்தனை படம் தர வேண்டும்?

கடையில் உங்கள் கேமுக்குப் பதிலாக நிற்கும் படத்தை ஸ்டீம் கேப்ஸ்யூல் என்று அழைக்கிறது. இடத்துக்கு ஒரு அளவு. கடைப்பக்கத்தின் மேலே வரும் ஹெடர் கேப்ஸ்யூல் 920 × 430 பிக்சல். தேடல் முடிவு, அதிகம் விற்பவை, புதிதாக வந்தவை போன்ற பட்டியல்களில் வரும் சிறிய கேப்ஸ்யூல் 462 × 174. முகப்பில் பெரிதாகச் சுழன்று வரும் மெயின் கேப்ஸ்யூல் 1232 × 706. பெரிய தள்ளுபடி விற்பனைப் பக்கங்களுக்கான செங்குத்துக் கேப்ஸ்யூல் 748 × 896. இந்த நான்கும் முன்பு இதில் பாதி அளவில்தான் இருந்தன. அதனால் பழைய வழிகாட்டிகளில் 460 × 215 என்று படித்தால் குழம்ப வேண்டாம்.

இவை தவிர, கேமை வாங்கியவர்களின் லைப்ரரிக்கு 600 × 900 அளவில் ஒரு நிமிர்ந்த படமும், 3840 × 1240 அளவில், லைப்ரரியில் உங்கள் கேமின் பக்கத்துக்கு மேலே அகலமாக விரியும் ஹீரோ படமும் வேண்டும். அந்த ஹீரோ படத்தின்மேல் வைக்க, பின்னணி இல்லாத தனி லோகோவும் வேண்டும். ஹீரோ படத்தில் எழுத்தே இருக்கக் கூடாது. ஜன்னல் அளவைப் பொறுத்து ஓரங்கள் வெட்டுப்படும் என்பதால், முக்கியமானதை நடுவில் 860 × 380 பிக்சலுக்குள் வையுங்கள்.

எந்த அளவை முதலில் வரைய வேண்டும்? பெரியதை வரைந்துவிட்டுச் சுருக்கினால் ஆகாதா?

ஆகாது. நான் எப்போதும் சிறியதில்தான் தொடங்குகிறேன். நீங்கள் தரும் 462 × 174 படத்திலிருந்து ஸ்டீம் தானாகவே இன்னும் இரண்டு குட்டிப் படங்களை எடுத்துக்கொள்கிறது: 184 × 69, 120 × 45. கடைசியாகச் சொன்னது ஏறக்குறைய கட்டைவிரல் நகம்தான். உங்கள் கேமை முதன்முதலாகப் பார்க்கிறவர்களில் பலர் அந்த நகத்தைத்தான் பார்க்கப்போகிறார்கள்.

என் பெரியப்பா அண்ணா சாலைத் தியேட்டர்களுக்கு சினிமா பேனர் வரைந்தவர். ஸ்டில்லில் கட்டம் போட்டு, துணியிலும் அதே கணக்கில் பெரிய கட்டம் போட்டு, முகத்தைத் துண்டு துண்டாக ஏற்றுவார். சின்ன வயதில் நான் பக்கத்தில் நின்று பார்த்தால் அது முகமாகவே தெரியாது. கன்னத்தில் பச்சை, நெற்றியில் ஊதா, மூக்கின் ஓரம் அடித்துவிட்ட மஞ்சள். அவர் அடிக்கடி தூரிகையைக் கீழே வைத்துவிட்டு வாசலைத் தாண்டி எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார். அங்கிருந்து கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். திரும்பி வந்து ஒரே ஒரு கோட்டை மாற்றுவார். பஸ்ஸில் போகிறவன் பார்க்கும் நேரத்துக்கும் தூரத்துக்கும்தான் அவர் வரைந்தார். நாற்பது அடி பேனரும் 120 பிக்சல் கேப்ஸ்யூலும் அந்த வகையில் ஒரே வேலைதான். பார்க்கிறவர் தூரத்தில் இருக்கிறார், நிற்காமல் போய்க்கொண்டிருக்கிறார்.

எனவே கணினியில் 120 × 45 கட்டம் ஒன்றைத் திறந்து, அதற்குள் மூன்றே நிறத் திட்டுகளில் படத்தை அமைத்துப் பாருங்கள். அங்கே நின்றுவிட்டால் பெரிதாக்கி நுணுக்கம் சேர்க்கலாம். அங்கே நிற்காத படத்தை எவ்வளவு நுணுக்கமாக வரைந்தாலும் அது நிற்காது.

பெயர் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? ஓவியத்தை மறைக்கிறதே?

மறைக்கட்டும். சிறிய கேப்ஸ்யூலில் பெயரே கட்டத்தை ஏறக்குறைய நிரப்ப வேண்டும், ஓவியம் அதற்குப் பின்னால் ஒரு துண்டாகத் தெரிந்தால் போதும்.

மாநகரப் பேருந்தின் நெற்றிப் பலகையை நினைத்துப் பாருங்கள். தூரத்தில் பஸ் வரும்போதே 29சி என்ற எண் தெரிந்துவிடும். பெரம்பூர், பெசன்ட் நகர் என்ற ஊர்ப்பெயர்கள் கிட்டே வந்த பிறகுதான் தெரியும். எண்ணைச் சின்னதாக்கி வழியில் உள்ள நிறுத்தங்களை எல்லாம் பலகையில் எழுதினால், நிறுத்தத்தில் நிற்கிறவர் பஸ்ஸை விட்டுவிடுவார். துணைத்தலைப்பு உள்ள கேம்களில் நான் அடிக்கடி பார்க்கும் தவறு இதுதான். சிறிய கேப்ஸ்யூலில் துணைத்தலைப்பை எடுத்துவிட்டு மூலப் பெயரை மட்டும் வையுங்கள். பெரிய அளவுகளில் சேர்த்துக்கொள்ளலாம்.

பெயரே ஐந்து சொல் நீளம் என்றால் அட்டைப்படக்காரரால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. பெயர் வைக்கும் நாளிலேயே இதை யோசியுங்கள்.

தமிழிலேயே பெயரை எழுதலாமா?

எழுதலாம், எழுத வேண்டும் என்றே எனக்கு ஆசை. ஆனால் தமிழ் எழுத்தைச் சின்ன அளவில் வைப்பதற்குத் தனிக் கவனம் வேண்டும். அதைப் பற்றி யாரும் எழுதாததால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் எதிரி புள்ளி. 120 பிக்சல் அகலத்தில் 'பட்டம்' என்று எழுதினால், புள்ளிகள் கரைந்து 'படடம' என்றுதான் கண்ணுக்குப் படும். எழுத்துருவில் உள்ள புள்ளியை அப்படியே நம்பாதீர்கள். அதைப் பெரிதாக்குங்கள், எழுத்துக்கு நெருக்கமாக இறக்குங்கள், தேவையானால் சதுரமாகவோ வைரமாகவோ மாற்றுங்கள். கையால் டைட்டில் எழுதிய பழைய கலைஞர்கள் புள்ளியை ஒரு பொட்டு மாதிரி, அலங்காரமாகவே வைத்ததைப் பார்த்திருப்பீர்கள். அது அழகுக்கு மட்டும் செய்தது அல்ல.

இரண்டாவது, சுழி. ரெண்டுசுழி 'ன'வுக்கும் மூணுசுழி 'ண'வுக்கும் வேறுபாடே அந்தச் சுழியில்தான் இருக்கிறது. தடித்த எழுத்துருவில் சின்னதாக்கினால் சுழிகளுக்குள் இருக்கும் வெளி அடைத்துக்கொண்டு இரண்டும் ஒன்றாகிவிடும். உள்வெளி அகலமான எழுத்துருவை எடுங்கள், அல்லது சுழிகளைக் கையால் திறந்துவிடுங்கள்.

மூன்றாவது, உயரம். 'கீ' மேலே போகும், 'கூ' கீழே இறங்கும். இரண்டும் ஒரே பெயரில் இருந்தால் வரி மேலும் கீழும் நீண்டு, நடு உடல் சிறுத்துப்போகும். கொக்கியையும் வாலையும் பக்கவாட்டில் மடக்கி, அடுத்த எழுத்தின்மேல் சாய்த்து எழுதினால் அந்த இடம் மிச்சம். இதை எழுத்துரு செய்துதராது. கையால் வரைய வேண்டும்.

இலவசமாகக் கிடைப்பவற்றில் பலூ தம்பி, அனெக் தமிழ், நோட்டோ சான்ஸ் தமிழ் ஆகியவற்றிலிருந்து நான் தொடங்குவதுண்டு. மூன்றும் திறந்த உரிமத்தில் இருப்பவை, விற்கும் பொருளின் லோகோவுக்குப் பயன்படுத்தத் தடையில்லை. போட்டோஷாப்பில் தட்டும்போது கொம்பு இடம் மாறி, புள்ளி தனியே நின்றால் மென்பொருள் கெட்டுப்போகவில்லை. பழைய பதிப்பு என்றால், எழுத்து அமைப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வை இயக்கினால் சரியாகிவிடும். இதைத் தெரியாமல் உடைந்த தமிழை அப்படியே லோகோவாக்கி அனுப்பியவர்கள் இருக்கிறார்கள். தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் கடைசியாக ஒருமுறை காட்டுங்கள்.

வெளிநாட்டில்தான் பெரும்பாலும் விற்கப்போகிறது என்றால், ஆங்கில எழுத்தில் உள்ள பெயர் படிக்கும்படி பெரிதாக இருக்கட்டும். தமிழ்ப் பெயரை அதனோடு சேர்ந்த ஒரே லோகோவாக வரையலாம், ஆனால் சிறிய கேப்ஸ்யூலில் இரண்டையும் திணிக்காதீர்கள். இன்னொரு வேண்டுகோள். இந்தியத் தன்மை வேண்டும் என்று, ஆங்கில எழுத்துகளின் தலையில் கோடு இழுத்து இந்தி எழுத்து போலக் காட்டும் எழுத்துருக்கள் உண்டு. தமிழுக்குத் தலைக்கோடு கிடையாது. நம் ஊர்க் கதைக்கு அதை மாட்டாதீர்கள்.

படத்தில் எதை வரைவது? எங்கள் கேமில் எல்லாமே முக்கியம்தான்.

எல்லோரும் இப்படித்தான் வருகிறார்கள். இதற்கு ஒரு நிகழ்ச்சியையே சொல்கிறேன்.

அம்பத்தூரிலிருந்து ஓர் அண்ணனும் தங்கையும் வந்தார்கள். சிக்குக் கோலத்தை வைத்துப் புதிர் விளையாட்டு செய்திருந்தார்கள். புள்ளிகளைச் சுற்றி ஒரே கம்பியாக வளைந்து போய், தொடங்கிய இடத்திலேயே வந்து சேர வேண்டும். எளிய விதிதான், ஆனால் பத்தாவது கட்டத்துக்கு, அதாவது பத்தாவது லெவலுக்கு, மேல் தலை கிறுகிறுக்கும். நான் மயங்கிப்போய் மார்கழி விடியலை வரைந்தேன். பனி, தெருவிளக்கு, குனிந்து கோலம் போடும் பெண்ணின் முதுகு, ஓரத்தில் சாணத்தில் செருகிய பூசணிப்பூ. நான் வரைந்ததிலேயே அழகானது அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். அவர்கள் சமூக வலைத்தளத்தில் போட்டபோது பாராட்டு குவிந்தது.

கடைப்பக்கம் திறந்தது. வந்தவர்கள் குறைவு. வந்த சிலரும் எழுதிக் கேட்டது, 'இந்தப் பெண்ணின் கதை என்ன?' என்று. கதை கேட்கிறவர்கள் கதை இல்லாத புதிரைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். புதிர் தேடுகிறவர்கள் படத்தைப் பார்த்து, இது நமக்கில்லை என்று தாண்டிப் போய்விட்டார்கள். தவறு என்னுடையது. கேமின் மனநிலையை வரைந்தேன், ஆனால் விளையாடுகிறவரின் கை என்ன செய்யும் என்பதை வரையவில்லை.

இரண்டாவது படத்தை மேலிருந்து பார்ப்பதுபோல் வரைந்தேன். காவி பூசிய தரை, வெள்ளைப் புள்ளிகள், அவற்றைச் சுற்றி ஓடி வந்து முடியாமல் நிற்கும் ஒரே ஒரு கம்பி, கோடு அறுந்த இடத்துக்குமேல் மாவைக் கிள்ளிய இரண்டு விரல்கள். அந்த இடைவெளியைப் பார்த்ததும் மூடிவிட வேண்டும் என்று கை துடிக்கும். அந்தத் துடிப்புதான் கேம். காசு வாங்காமல்தான் இதை வரைந்து கொடுத்தேன். பார்க்க வந்தவர்கள் கூடினார்கள். அதைவிட முக்கியம், புதிர் பிடித்தவர்கள் வந்தார்கள்.

அதனால் இப்போது நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: விளையாடுகிறவர் அதிக நேரம் என்ன செய்துகொண்டிருப்பார்? ஓட்டுகிறாரா, ஒளிகிறாரா, கட்டுகிறாரா, சமைக்கிறாரா, சண்டை போடுகிறாரா? அந்த வினைச்சொல் படத்தில் இருக்க வேண்டும். ஷேர் ஆட்டோ ஓட்டும் கேம் என்றால் ஓட்டுநரின் முகம் வேண்டாம், ஆள் வெளியே தொங்கியபடி வளைவில் சாயும் ஆட்டோ வேண்டும். காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கும் கேம் என்றால் கடலும் படகும் வேண்டாம், கூடையைச் சுற்றி நீளும் கைகள் வேண்டும். பயமுறுத்தும் கேமை வண்ணமயமாக வரைந்தாலோ, குழந்தைகளும் ஆடக்கூடியதை இருட்டாக வரைந்தாலோ, கிளிக் செய்தவர் ஏமாந்து போவார். ஏமாந்தவர் எழுதும் விமர்சனமும் அதே பக்கத்தில்தான் நிற்கும்.

சென்னை என்று தெரிய சென்ட்ரல் ஸ்டேஷனையோ எல்ஐசியையோ போட வேண்டுமா?

வெளியூர்க்காரருக்கு அந்த அளவில் சென்ட்ரல் ஒரு சிவப்புக் கடிகாரக் கோபுரம், அவ்வளவுதான். 1959-இல் திறந்த எல்ஐசி கட்டடம் நமக்கு ஊரின் அடையாளம், 120 பிக்சலில் அது ஒரு சாம்பல் கட்டை. நிறத்தாலும் உருவத்தாலும் தெரிகிற சின்னப் பொருள்களைத் தேடுங்கள். மஞ்சள் ஆட்டோ. தண்ணீர் லாரிக்குப் பின்னால் வரிசை பிடித்த பச்சை, நீல, ஆரஞ்சு பிளாஸ்டிக் குடங்கள். 2019 கோடையில் செம்பரம்பாக்கமும் புழலும் வறண்டபோது நம் தெருக்களில் நின்ற அந்த வரிசையை மறக்க முடியுமா? தண்ணீர்ப் பஞ்சத்தை வைத்து கேம் செய்த ஒரு குழுவுக்கு நான் ஏரியை வரையவில்லை, ஒரு குடத்தை மட்டும் வரைந்தேன். வாய் நம்மைப் பார்த்தபடி, உள்ளே இருட்டு.

அப்புறம் வெளிச்சம். வெளிநாட்டு ஓவியங்களைப் பார்த்துப் பழகி, நாமும் எல்லாவற்றையும் சாயங்காலப் பொன் வெயிலில் வரைகிறோம். சென்னையின் உச்சி வெயில் வேறு. வெள்ளையாக அடிக்கும், நிழல் குட்டையாகக் காலடியிலேயே கிடக்கும். அந்த வெளிச்சத்தில் வரைந்த படம் பட்டியலில் தனியாகவே தெரிகிறது.

எந்த நிறம் எடுபடும்?

ஸ்டீமின் பின்னணி கருநீலம். உங்கள் படத்தின் ஓரங்களும் கருநீலமோ கறுப்போ என்றால் கட்டம் பின்னணியில் முங்கிவிடும். இது ஒன்றைத் தவிர்த்தால் பாதி வேலை முடிந்தது. மிச்சத்துக்கு, உங்கள் வகை கேம்களின் பட்டியல் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதில் ஒரு கட்டத்தின்மேல் உங்கள் படத்தை ஒட்டிப் பாருங்கள். தனியாகப் பார்க்கும்போது பளிச்சென்று இருப்பது அந்தக் கூட்டத்தில் காணாமல் போகலாம். பிறகு மொத்தத்தையும் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். பெயரும் பின்னணியும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், நிறக்குருடு உள்ளவருக்கு மட்டுமல்ல, வெயிலில் போனைப் பார்க்கிறவருக்கும் பெயர் தெரியாது.

விருது, பாராட்டு, '50% தள்ளுபடி' எல்லாம் படத்தில் போடலாமா?

கூடாது. 2022 செப்டம்பர் 1 முதல் ஸ்டீமில் விதி தெளிவாக இருக்கிறது. கேப்ஸ்யூலில் கேமின் ஓவியம், பெயர், அதிகாரபூர்வத் துணைத்தலைப்பு ஆகியவை மட்டும்தான் இருக்கலாம். விமர்சன மதிப்பெண், விருதுப் பெயர், தள்ளுபடி வாசகம், உங்கள் இன்னொரு கேமுக்கான விளம்பரம் எதற்கும் இடமில்லை. பெரிய அப்டேட் வந்தால் அதைச் சொல்லும் தற்காலிகப் படத்தை அதிகபட்சம் ஒரு மாதம் வைக்கலாம். ஒரு குழு, உள்ளூர்ப் போட்டி ஒன்றில் வாங்கிய பரிசின் இலையலங்காரத்தைப் படத்தில் வைத்தே தீர வேண்டும் என்றது. லோகோவோடு பிணைத்து வரையச் சொன்னார்கள், நான் மறுத்தேன். பரிசைப் பற்றிக் கடைப்பக்க விவரணையில் பெருமையாக எழுதுங்கள். அதற்கான இடம் அதுதான்.

ஏஐ கொண்டு படம் செய்துகொள்ளலாமா?

2024 ஜனவரியிலிருந்து, கேமில் ஏஐ கொண்டு உருவாக்கியவை உண்டா என்று ஸ்டீம் கேட்கிறது. நீங்கள் தரும் பதில் கடைப்பக்கத்தில் வெளியாகும். மறைக்காதீர்கள்.

என் கருத்தைக் கேட்டால், வேண்டாம். நான் ஓவியன் என்பதால் மட்டும் சொல்லவில்லை. கோல கேமின் இரண்டாவது படம் எப்படிக் கிடைத்தது? கேமை நான் பத்து நாள் விளையாடி, எந்த இடத்தில் என் கை தயங்கியது என்று தெரிந்த பிறகுதான். உங்கள் கேமை விளையாடாத ஒன்றால் அந்த இடைவெளியைத் தேர்ந்தெடுக்க முடியாது. அது தருவது எல்லாக் கேமுக்கும் பொருந்தும் ஒரு படம். சிக்குக் கோலம் கேட்டுப் பாருங்கள், கம்பி எங்கேயோ தொடங்கி எங்கேயோ தொலையும்.

ஓவியரை எங்கே தேடுவது? ஒப்பந்தத்தில் என்ன எழுத வேண்டும்?

எழும்பூரில் 1850-இல் தொடங்கிய அரசு கவின்கலைக் கல்லூரி நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே படித்தவர்கள், படக்கதை வரைகிறவர்கள், சினிமாவுக்கு கான்செப்ட் வரைகிறவர்கள் என்று ஊரில் கைகளுக்குப் பஞ்சமில்லை. அவர்களுடைய பெரிய ஓவியங்களைப் பார்த்து மயங்காதீர்கள். போனில் நகமளவுக்குச் சுருக்கிப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கேமின் விளையாடக்கூடிய பதிப்பை முதல் நாளே கொடுங்கள். 'ஏதாவது அட்டகாசமா பண்ணுங்க அண்ணா' என்பது பிரீஃப், அதாவது வேலைக் குறிப்பு, ஆகாது. உங்கள் வினைச்சொல், யாருக்காகச் செய்தீர்கள், அலமாரியில் எந்த மூன்று கேம்களுக்குப் பக்கத்தில் நிற்க விரும்புகிறீர்கள் என்ற மூன்றும் தெரிந்தால் எனக்கு வேலை தொடங்கிவிடும். அட்வான்ஸ் கொடுங்கள், எத்தனை திருத்தம் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள், இதில் வெட்கம் வேண்டாம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 19-ஆம் பிரிவின்படி, உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்ளப்படும். உலகம் முழுக்க விற்கும் கடையில் வைக்கப்போகிற படத்துக்கு, 'உலகம் முழுவதும்' என்ற இரண்டு சொல்லும், எத்தனை வருடம் என்பதும் அவசியம். டீஷர்ட், போஸ்டர் அச்சடிக்கும் எண்ணம் இருந்தால் அதையும் சேருங்கள். ஓவியரின் பெயர் கேமின் நன்றிப் பட்டியலில் வர வேண்டும் என்பதையும் எழுதுங்கள். லேயர் பிரிந்த மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள்.

ஏன் லேயர் பிரிந்த கோப்பு?

அகலமான ஹெடரும் நெட்டையான செங்குத்துப் படமும் ஒரே ஓவியத்தை வெட்டினால் வராது. பெயர், முன்னால் நிற்கும் உருவம், பின்னணி மூன்றும் தனித்தனியாக இருந்தால், ஒவ்வோர் அளவுக்கும் நகர்த்தி அடுக்கலாம். பின்னணியை எல்லாப் பக்கமும் தாராளமாக நீட்டி வரையச் சொல்லுங்கள். சிறு குழுக்களின் கேம்கள் கிடைக்கும் இட்ச் தளத்துக்கு 630 × 500 வேண்டும், அங்கே அசையும் ஜிஃப் கூட வைக்கலாம். கூகுள் பிளேக்கு 512 × 512 ஐகானும் 1024 × 500 பேனரும் கேட்பார்கள். லேயர் இருந்தால் இவை ஒரு மதிய வேலை.

போட்டோஷாப் வாங்கக் காசில்லை.

ஓவியத்துக்கு கிரிட்டா, லோகோவுக்கு இங்க்ஸ்கேப். இரண்டும் இலவசம், இங்க்ஸ்கேப்பில் தமிழ் எழுத்து உடையாமல் வரும்.

படம் எடுபடுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நண்பர்களிடம் கேட்காதீர்கள். அவர்களுக்கு உங்கள் கேம் ஏற்கெனவே தெரியும், உங்கள்மேல் பாசமும் உண்டு. டீக்கடையில் பக்கத்தில் நிற்கிறவரிடம் போனை நீட்டி, இரண்டு எண்ணும் வரை காட்டிவிட்டு மடக்குங்கள். 'நல்லா இருக்கா?' என்று கேட்க வேண்டாம், நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார். 'இதுல என்ன பண்ணணும்னு நினைக்கிறீங்க? பேர் என்ன?' என்று கேளுங்கள். ஐந்து பேரில் நான்கு பேர் வினையைச் சரியாகச் சொன்னால் படம் வேலை செய்கிறது. கேமே விளையாடாதவர்களிடம் கேட்டுப் பயனில்லை என்பார்கள். நான் ஒப்புக்கொள்வதில்லை. கோலப் படத்தைப் பார்த்து 'அந்தக் கோட்டைச் சேர்க்கணும்' என்று முதலில் சொன்னவர் எங்கள் தெருவில் இஸ்திரி போடும் அம்மா.

பக்கம் திறந்த பிறகு, கேம் செய்கிறவர்களுக்கான ஸ்டீமின் நிர்வாகத் தளமான ஸ்டீம்வொர்க்ஸில் எத்தனை முறை படம் காட்டப்பட்டது, எத்தனை பேர் பக்கத்துக்கு வந்தார்கள் என்ற கணக்கு கிடைக்கும். படத்தை மாற்றினால் அந்த வாரம் ட்ரெய்லரையும் சேர்த்து மாற்றாதீர்கள். எதனால் கூடியது என்று தெரியாமல் போய்விடும். வரப்போகும் கேம்களின் டெமோக்களை வைத்து ஸ்டீம் ஆண்டுக்கு மூன்று முறை நடத்தும் நெக்ஸ்ட் ஃபெஸ்ட் வாரத்தைச் சாதாரண வாரத்தோடு ஒப்பிடவும் வேண்டாம்.

எப்போது தொடங்க வேண்டும்?

'விரைவில்' என்று அறிவிக்கும் பக்கம், வெளியீட்டுக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே கடையில் இருக்க வேண்டும் என்பது ஸ்டீமின் விதி. அதை நம்பி இரண்டு வாரத்துக்கு முன்னால் என்னிடம் வராதீர்கள். பிறகு வாங்கலாம் என்று ஆட்கள் குறித்துவைக்கும் விஷ்லிஸ்ட், அந்தப் பக்கம் திறந்த நாளிலிருந்துதான் சேரும், பல மாதம் சேர்ந்தால்தான் பயன். விளையாட்டின் முக்கிய வினை உறுதியானதுமே அட்டைப்படத்தைத் தொடங்கலாம். எல்லாக் கட்டமும் முடிய வேண்டியதில்லை.

வெளியான பிறகு படத்தை மாற்றினால், முன்பே விஷ்லிஸ்ட்டில் போட்டவர்கள் குழம்ப மாட்டார்களா?

எதை மாற்றாமல் வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. லோகோவையும் ஓர் அடையாளத்தையும் தொடாதீர்கள், மற்றதை மாற்றலாம். அந்த அண்ணன் தங்கை போன மார்கழியில் புதிய கட்டங்கள் சேர்த்தபோது மறுபடி வந்தார்கள். காவித் தரையைக் கருங்கல் முற்றம் ஆக்கினோம், பகலை விடியலாக்கினோம். நான் ஆசைப்பட்ட பூசணிப்பூவும் ஒரு மூலையில் வந்து உட்கார்ந்துவிட்டது. முடியாமல் நிற்கும் அந்தக் கம்பியை மட்டும் அதே இடத்தில், அதே இடைவெளியோடு விட்டுவிட்டோம்.